விண்டோஸ் 11 போட்ட பிறகு பழைய போட்டோஷாப்பை ஓட வைப்பது எப்படி?

"தம்பி, சிஸ்டத்தை மாத்திக் கொடுத்துட்டாங்க, போட்டோஷாப்பு ஒழுங்காவே வர மாட்டேங்குது. முகூர்த்த ஆல்பம் நாலு கிடக்கு, பொண்ணு வீட்டுக்காரங்க தினம் வந்து நிக்கிறாங்க."

கடலூர் முதுநகரில் ரொம்ப காலமாக ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன் போட்டுச் சொன்னது இது. நான் திருப்பாப்புலியூரில் ஆல்பம் டிசைனும், பழைய படங்களைச் சரிசெய்து கொடுக்கும் வேலையும் பார்க்கிறேன். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் ஒவ்வொருவராக 11-க்கு மாறுகிறார்கள், மாறியதும் இதே கேள்வியோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அந்த அண்ணனுக்கு நான் முதலில் சொன்னது, "அண்ணே, எதையும் அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க, ஃபார்மட் அடிக்கவும் விடாதீங்க" என்பதுதான். பழைய சாஃப்ட்வேர் செத்துப் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிடுவது கடைக்காரருக்குச் சுலபம். ஆனால் 2002-இல் வந்த போட்டோஷாப் 7, 2005-இல் வந்த சிஎஸ்2, 2012-இல் வந்த சிஎஸ்6 எல்லாமே 32 பிட் அல்லது 64 பிட் புரோகிராம்கள்தான் (பிட் என்பது புரோகிராம் எந்தத் தலைமுறைக் கணினிக்காக எழுதப்பட்டது என்பதைக் காட்டும் எண், எண் சிறிதானால் பழசு), விண்டோஸ் 11 இரண்டையும் ஓட்டும். ஓடாதது 16 பிட் மட்டும். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது, அதில் 16 பிட்டுக்கு இடமே கிடையாது. தொண்ணூறுகளில் வந்த சில குட்டி எடிட்டிங் புரோகிராம்கள் 32 பிட்டாக இருந்தும் அவற்றின் இன்ஸ்டாலர் 16 பிட்டாக இருக்கும், சிடியைப் போட்டதும் இந்தக் கணினியில் இயங்காது என்று செய்தி வரும். உங்களுடையது அந்த வகை என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள். மற்ற எல்லோருக்கும் வழி இருக்கிறது.

இன்னும் மாறவில்லையா? நல்லது, மாறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் நேரம். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் நெருக்கிக்கொண்டு வரும்போது சிஸ்டத்தில் கை வைக்காதீர்கள். ஆடியிலோ மார்கழியிலோ கல்யாண ஆர்டர் குறைந்திருக்கும்போது செய்யுங்கள், தவறினாலும் சரிசெய்ய நாள் இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள், யூபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் பாருங்கள். அப்டேட் பாதியில் நிற்கும்போது கரண்டு போனால் வருகிற சிக்கலுக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை.

அடுத்தது, மேலேயே ஏற்றுவதா, ஃபார்மட் செய்து புதிதாகப் போடுவதா என்பது. மெஷின் தகுதியானதாக இருந்தால் மேலேயே ஏற்றுங்கள், "பைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்" என்ற தேர்வு அதில் வரும். காரணம், பழைய போட்டோஷாப் ஒரு தடவை ஆக்டிவேட் (இன்டர்நெட் வழியாக லைசென்ஸைச் சரிபார்த்துத் திறந்துவிடுவது) ஆனதோடு சரி, சிஎஸ்2-க்கான ஆக்டிவேஷன் சர்வரைப் போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி 2012 டிசம்பரிலேயே மூடிவிட்டது, ஃபார்மட் அடித்தால் சிடி கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போகலாம். 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த வழி இல்லை, அதிலிருந்து 11-க்கு நேராக ஏற முடியாது. மெஷினையே மாற்றுவதாக இருந்தால், பழைய மெஷினில் போட்டோஷாப்பைத் திறந்து ஹெல்ப் மெனுவில் டீஆக்டிவேட் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். சீரியல் நம்பரை ஒரு தாளில் எழுதி சிடி உறைக்குள்ளேயே வையுங்கள்.

மூன்றாவது, திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைப் பதிந்து வைத்த உங்கள் ஆக்‌ஷன்கள், பிரஷ்கள், ஃபாண்டுகள். ஆக்‌ஷன் பேனலில் ஒவ்வொரு செட்டையும் தேர்ந்தெடுத்து சேவ் ஆக்‌ஷன்ஸ் கொடுத்துப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட்டேன், அதில் எல்லாம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்பப் பழைய புரோகிராம்கள் அந்த ஃபோல்டருக்குள் எழுத முயலும்போது விண்டோஸ் அதைத் தடுத்து, சத்தமில்லாமல் வேறு இடத்தில் எழுதி வைக்கும். உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால் தெரியும். பத்து வருஷம் சேர்த்த பிரஷ் எல்லாம் அங்கே உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஃபாண்டுகளுக்கு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுங்கள், யோசிக்காமல் முழுசாக.

சரி, மாறிவிட்டீர்கள். எதுவுமே பிடிக்கவில்லை, கையில் வேலை நிற்கிறது என்றால் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம், செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, அதில் கோ பேக். ஆனால் அதற்கு 10 நாள்தான் கெடு, அதற்குள் விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டரை இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டாலும் திரும்ப முடியாது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு நிதானமாக மறுபடி ஏறலாம், அதில் ஒன்றும் தவறில்லை.

இனி ஒவ்வொரு தொந்தரவாக வருவோம்.

போட்டோஷாப் 7 திறக்கும்போது யூசர் பெயரோ சீரியல் நம்பரோ செல்லாது என்றோ, ஸ்கிராட்ச் ஃபைலை (வேலையின்போது போட்டோஷாப் டிஸ்க்கில் தற்காலிகமாக எழுதும் பைல்) திறக்க அனுமதி இல்லை என்றோ செய்தி வந்தால் அது அனுமதிப் பிரச்சினை. எக்ஸ்பி காலத்தில் எல்லாப் புரோகிராமும் சி டிரைவில் நினைத்த இடத்தில் எழுதும், இப்போது விடாது. ஐகானில் ரைட் கிளிக் செய்து "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்தால் திறந்துவிடும், பலரும் அதையே ப்ராப்பர்ட்டீஸில் நிரந்தரமாக டிக் அடித்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அப்படித் திறந்த போட்டோஷாப்புக்குள் ஃபோல்டரிலிருந்து படத்தை இழுத்துப் போட முடியாது, விண்டோஸ் அனுமதிக்காது, வேறு மெஷினிலிருந்து இணைத்த நெட்வொர்க் டிரைவும் அதற்குத் தெரியாமல் போகும். நானூறு படத்தை இழுத்துப் போட்டு வேலை செய்கிற ஆல்பம்காரருக்கு இது கையை ஒடித்த மாதிரி. அதற்குப் பதில் போட்டோஷாப் இருக்கும் ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் என்று போய் யூசர்ஸ் என்பதற்கு மாடிஃபை அனுமதி கொடுங்கள். புதிதாக இன்ஸ்டால் செய்வதாக இருந்தால் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாமல் சி டிரைவிலேயே தனி ஃபோல்டர் வைத்துப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறதா? டிஸ்க்கில் ஏகப்பட்ட இடம் காலியாக இருக்கும்போதே இப்படிச் சொல்லும். 7 வந்த காலத்தில் 40 ஜிபி, 80 ஜிபி ஹார்டு டிஸ்க்தான், இன்றைய டெராபைட் கணக்கு அதற்குப் பழக்கமில்லை. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு திறந்தால் ஸ்கிராட்ச் டிஸ்க் எது என்று கேட்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 100 ஜிபிக்கு ஒரு சின்னப் பார்ட்டிஷன் பிரித்து அதைக் காட்டிவிடுங்கள், எனக்கு அதில்தான் சரியானது. ஷிஃப்டையும் சேர்த்து மூன்று கீயாகப் பிடித்தால் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்கும், அது கடைசி ஆயுதம், சேவ் செய்யாத ஆக்‌ஷனும் அதோடு போய்விட வாய்ப்பு உண்டு.

சிஎஸ்6-காரர்களை அதிகம் படுத்துவது ராம். 16 ஜிபி ராம் போட்ட புது மெஷினில் ராம் போதவில்லை என்கிறது, ப்ரிஃபரன்ஸஸில் பெர்ஃபார்மன்ஸைத் திறந்தால் "96-க்கும் 8-க்கும் இடைப்பட்ட எண் தேவை" என்று அர்த்தமில்லாத ஒரு செய்தி வருகிறது. ராம் குச்சி கெட்டுவிட்டது என்று மாற்றப் போய்விடாதீர்கள். புது விண்டோஸ் சொல்லும் ராம் அளவைப் பழைய போட்டோஷாப் தப்பாகக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் உள் செட்டிங்ஸை வைத்திருக்கும் இடம்) எடிட்டரைத் திறந்து, கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், அடோபி, போட்டோஷாப், அதற்குள் 60.0 என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே புதிதாக ஒரு 32 பிட் டிவேர்டு உருவாக்கி, "ஓவர்ரைடு ஃபிசிக்கல் மெமரி எம்பி" என்று இங்கிலீஷில், இடைவெளி இல்லாமல், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும், கடைசி எம், பி இரண்டையும் பெரிய எழுத்தாக வைத்துப் பெயர் கொடுங்கள். டெசிமல் என்பதைத் தேர்ந்தெடுத்து 8 ஜிபி மெஷினுக்கு 8192, 16 ஜிபிக்கு 16384 என்று எண் போட்டு மூடுங்கள். 60.0 என்பது சிஎஸ்6-க்கு, உங்கள் பதிப்புக்கு வேறு எண் இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் அந்த எடிட்டரின் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு காப்பி வைத்துக்கொள்வது அவசியம்.

மெனு எழுத்து எறும்பு மாதிரி தெரிவது புது மானிட்டரின் வேலை. ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ், கீழே இருக்கும் ஓவர்ரைடு பெட்டியை டிக் அடித்து "சிஸ்டம் என்ஹான்ஸ்டு" வையுங்கள். மெனு பெரிதாகிவிடும், ஆனால் படமும் சேர்ந்து பெரிதாக்கித்தான் தெரியும், முகத்தில் ரீடச் செய்யும்போது கூர்மை லேசாகக் குறைந்த மாதிரி இருக்கும். எனக்குக் கண்தான் முக்கியம் என்று அதையே வைத்திருக்கிறேன். ஜூம் செய்யும்போது திரை மினுக்கினால் ப்ரிஃபரன்ஸஸில் கிராஃபிக்ஸ் புராசஸர் டிக்கை எடுத்துவிடுங்கள்.

பிளக்இன் (போட்டோஷாப்புக்குள் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவி) காணோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 32 பிட் பிளக்இன் 64 பிட் போட்டோஷாப்பில் வராது. 64 பிட் விண்டோஸில் சிஎஸ்6 போட்டால் இரண்டு போட்டோஷாப் சேர்ந்தே இறங்கும், 32 பிட் உள்ளது எக்ஸ்86 என்று போட்ட புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள், பழைய பிளக்இன் பெரும்பாலும் அதில் வேலை செய்யும்.

இப்போது தமிழ் எழுத்து. நம் ஆட்களுக்கு உண்மையில் வயிற்றில் புளியைக் கரைப்பது இதுதான், வெளியூர்க்காரர்கள் எழுதுகிற வழிகாட்டிகளில் இது இருக்கவே இருக்காது.

முதுநகர் அண்ணன் கடைக்கு நான் போனபோது திரையில் ஒரு நினைவு நாள் படம் இருந்தது. மாலை போட்ட ஒரு அம்மாவின் முகம், கீழே பாமினி ஃபாண்டில் நான்கு வரி. தேதியை மட்டும் மாற்ற எழுத்து லேயரை டபுள் கிளிக் செய்திருக்கிறார், அவ்வளவுதான், "அம்மா" என்று இருந்த இடத்தில் எம், கே, செமிகோலன், கே, எச் என்று இங்கிலீஷ் எழுத்தாக வந்து நிற்கிறது. பாமினி, வானவில் மாதிரியான பழைய ஃபாண்டுகள் எல்லாம் இப்படித்தான், உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்து, அதன் மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். ஃபாண்ட் காணாமல் போனால் போர்வை விலகிவிடும். எழுத்து அழியவில்லை, ஃபாண்டைத் திரும்பக் கொடுத்தால் "அம்மா" திரும்ப வந்துவிடும். அதனால் ஃபாண்ட் இல்லை, எழுத்து லேயரை அப்டேட் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த லேயரைத் தொடாமல் இருங்கள். தொடாத வரை படத்தில் பழைய தமிழ் அப்படியே நிற்கும்.

அண்ணன் ஃபாண்டை மறுபடி இன்ஸ்டால் செய்துதான் இருந்தார், மூன்று தடவை. நோட்பேடில் தெரிகிறது, போட்டோஷாப்பில் தெரியவில்லை. விஷயம் இதுதான்: 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, ஃபாண்டை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் அது உங்கள் யூசர் கணக்குக்குள் மட்டும் போய் உட்காரும், பொதுவான ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகாது. பழைய போட்டோஷாப் அந்தப் பொது இடத்தை மட்டும்தான் எட்டிப் பார்க்கும். ஃபாண்ட் பைலில் ரைட் கிளிக் செய்து "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" கொடுக்க வேண்டும், விண்டோஸ் 11-இல் அது "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் ஒளிந்திருக்கலாம். நூறு ஃபாண்ட் என்றாலும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் செய்யலாம். போட்டோஷாப்பை மூடித் திறந்ததும் அந்த நான்கு வரியும் வந்துவிட்டது.

பழைய ஃபாண்டை விட்டு, இன்றைக்கு எல்லா இடத்திலும் தமிழ் எழுதப் பயன்படும் பொது முறையான யூனிகோடுக்கே போய்விடலாமே என்று கேட்பீர்கள். சிஎஸ்6 வரையிலான சாதாரணப் பதிப்புகளில் யூனிகோடு தமிழை ஒழுங்காகக் கோக்காது, "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். அதனால் பழைய போட்டோஷாப் இருக்கும் வரை பழைய ஃபாண்டும் அதற்கான கீபோர்டு புரோகிராமும் இருக்கத்தான் வேண்டும்.

ஆல்பம் சாஃப்ட்வேருக்கு டாங்கிள் (லைசென்ஸுக்காக யூஎஸ்பியில் செருகும் சாவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க. மாறிய பிறகு சிஸ்டம் டாங்கிளை அடையாளம் காணவில்லை என்றால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள், கடலூரிலும் பாண்டியிலும் உப்புக்காற்றுக்கு யூஎஸ்பி முனை கறுத்துவிடும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள். அதுவும் இல்லை என்றால் சிக்கல் டிரைவரில், அதாவது டாங்கிளை விண்டோஸோடு பேச வைக்கும் சின்னப் புரோகிராமில். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன், அதில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒன்று உண்டு, அது பழைய டிரைவர்களைத் தடுக்கும், எதைத் தடுக்கிறது என்றும் அங்கேயே சில சமயம் பெயர் காட்டும். அதை ஆஃப் செய்தால் ஓடிவிடும் என்று கடையில் சொல்வார்கள். உடனே செய்யாதீர்கள். சாஃப்ட்வேர் விற்றவரிடம் புது டிரைவர் கேளுங்கள், கிடைக்கவே இல்லை என்றால் மட்டும் ஆஃப் செய்யுங்கள். நம் கடைக்கு வருகிற பென்டிரைவ்களில் என்னென்ன வருகிறது என்று நமக்கே தெரியும், அந்தப் பாதுகாப்பு சும்மா வைத்ததில்லை.

அதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்கிறேன். சிடி தொலைந்துவிட்டது, இலவசமாகக் கிடைக்கிறது என்று ஏதோ ஒரு தளத்திலிருந்து பழைய போட்டோஷாப்பை இறக்காதீர்கள். ஒரே கிளிக்கில் பத்து வருஷத்துக் கல்யாணப் படங்களும் பூட்டிக்கொண்டு பணம் கேட்கும் நிலை வந்தால் யாரிடம் போய் நிற்பது? அந்தப் படங்கள் நம்முடையவை இல்லை, நம்மை நம்பிக் கொடுத்தவர்களுடையவை. லைசென்ஸ் கையில் இல்லை என்றால் ஜிம்ப் போடுங்கள், 2025-இல் வந்த ஜிம்ப் 3 நன்றாகவே இருக்கிறது, போட்டோஷாப் பைலான பிஎஸ்டியைத் திறக்கும், யூனிகோடு தமிழையும் சரியாக எழுதும். எழுத்து லேயரும் லேயர் ஸ்டைலும் போட்டோஷாப்பில் இருந்தபடி வராது, அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் இங்கே குறைவு, ஆனாலும்: 2019-இல் வந்த கேட்டலினாவோடு ஆப்பிள் 32 பிட்டை அடியோடு நிறுத்திவிட்டது. சிஎஸ்6 போட்டோஷாப் 64 பிட்தான், ஆனால் அதன் இன்ஸ்டாலரும் லைசென்ஸ் பகுதிகளும் 32 பிட், அதனால் அங்கே மாட்டிக்கொள்ளும். மொஹாவியில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த மெஷினை அப்டேட் செய்யாமல் அப்படியே விடுங்கள்.

கடைசியாக, எதற்கும் மசியாத புரோகிராம், 16 பிட் இன்ஸ்டாலர், டிரைவரே வராத பழைய ஸ்கேனர். இவற்றுக்கு இரண்டு வழி. ஒன்று, விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவசப் புரோகிராமைப் போட்டு அதற்குள் உங்களிடம் லைசென்ஸ் இருக்கும் பழைய 32 பிட் விண்டோஸை ஏற்றி அங்கே ஓட்டுவது, மெதுவாக இருக்கும், ஆனால் ஓடும். இன்னொன்று, நான் செய்திருப்பது: பழைய மெஷினை விற்காமல், நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, ஸ்கேனரோடு சேர்த்து ஒரு மூலையில் வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது நனைந்து ஒட்டிப்போன குடும்பப் படங்களை இன்றைக்கும் யாராவது பிளாஸ்டிக் கவரில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அவை அந்த ஸ்கேனரில்தான் ஏறுகின்றன. அதில் ஸ்கேன் செய்து டிஃப் என்ற பட வடிவில் சேமித்து, தனியாக அதற்கென்றே வைத்திருக்கும் பென்டிரைவில் புது மெஷினுக்கு எடுத்து வருவேன், புது மெஷினில் வைரஸ் ஸ்கேன் ஓட்டிவிட்டுத்தான் திறப்பேன். வேலை முடிந்ததும் பிஎஸ்டி, அதிலிருந்து எடுத்த முழு அளவு டிஃப், அதில் பயன்படுத்திய தமிழ் ஃபாண்ட் பைல், மூன்றையும் வாடிக்கையாளர் பெயரில் ஒரே ஃபோல்டரில் போட்டு இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைக்கிறேன், ஒன்று கடையில், ஒன்று வீட்டில், அதுவும் தண்ணீர் ஏறாத மாடி அலமாரியில்.